அவரைப் பணிய வைக்காதீர்கள்: உறைவிடப் பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்கள், முதல்வர்கள், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

கல்வியாண்டு முடிகிற சமயத்தில் உங்கள் மேசைக்கு ஒரு பட்டியல் வரும். யாருக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது, யாரை அனுப்பிவிடுவது என்ற பட்டியல். அதில் ஒரு பெயருக்கு எதிரே பென்சிலில் ஒரு கேள்விக்குறி இருக்கும். பாடம் நடத்தத் தெரியாதவர் என்று அவர்மேல் புகார் இருக்காது. நேரத்துக்கு வராதவர் என்றும் இருக்காது. "வகுப்பில் ஒரே சத்தம்", "பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறார்கள்", "மற்ற ஆசிரியர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது" என்ற மாதிரியான புகார்களாகத்தான் இருக்கும். அந்தப் பெயருக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் ஆசிரியன் இல்லை, விடுதி வார்டன். கண்டிப்புக்குப் பேர்போன பள்ளிகளின் விடுதிகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலையில் மணி அடிப்பதிலிருந்து இரவில் விளக்கணைத்துத் தலை எண்ணுவது வரைக்கும் என் பொறுப்பு. ஒழுங்கு என்றால் என்னவென்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஒரு பெரிய கூடத்தில் ஐம்பது அறுபது பையன்கள் தூங்குகிற இடத்தில் ஒழுங்கு போய்விட்டால், முதலில் அடிபடுகிறவன் இருப்பதிலேயே சின்னப் பையன். அதனால், கட்டுப்பாடே கூடாது என்று எழுதப் போகிறேனோ என நினைத்து இதை மடித்து வைத்துவிடாதீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் கேள்விக்குறிக்காரரை வேலையைவிட்டு அனுப்புவது தவறு என்பது என் கருத்து. ஆனால் அதைவிடப் பெரிய தவறு ஒன்றை நீங்கள் நல்ல எண்ணத்தோடு செய்துகொண்டிருக்கிறீர்கள். அவரைக் கூப்பிட்டுப் பேசி, "சொல்லித் திருத்தி", பணிய வைத்து வேலையில் வைத்துக்கொள்கிறீர்களே, அதைச் சொல்கிறேன்.

முதலில் அப்படிப்பட்ட ஒருவர் விடுதிப் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறார் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு பள்ளியில் மொழிப்பாடம் எடுக்க ஒருவர் வந்தார். பெரிய பேச்சாளர் எல்லாம் இல்லை. குரல்கூடக் கடைசி பெஞ்சுக்குச் சரியாகக் கேட்காது. சினிமாவில் வருகிற வாத்தியார் ஒரே பேச்சில் வகுப்பையே புரட்டிப் போடுவார். இவர் அந்த வகை இல்லை. திருத்திய கட்டுரை நோட்டுகளை அவர் ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்து வந்த அன்று, காய்ச்சலாக இருந்த ஒரு பையனைக் கூட்டிப் போவதற்காக நான் வாசலில் நின்றிருந்தேன். அவர் ஒவ்வொரு நோட்டாக எடுத்து முதல் வரியை மட்டும் வாசித்தார். எல்லா நோட்டிலும் ஒரே வரி. கைடில் இருக்கிற வரி. ஐந்தாறு நோட்டு வரைக்கும் வகுப்பு கம்மென்று இருந்தது. அப்புறம் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். கொஞ்ச நேரத்தில் அவர் வாயைத் திறக்கும்போதே மொத்த வகுப்பும் சேர்ந்து அந்த வரியை ஒப்பித்துவிட்டுச் சிரித்தது.

அவர் யாரையும் திட்டவில்லை. எல்லோருக்கும் நல்ல மதிப்பெண்தான் போட்டிருந்தார். "கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. தப்பில்லை" என்றார். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். "இந்தப் பள்ளியில் தினமும் பார்க்கிறீர்கள், ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அப்படி ஒன்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள். மதிப்பெண் கிடையாது. கைடிலும் தேடாதீர்கள், அங்கே இருக்காது."

பாதிப் பேர் ஒன்றும் எழுதவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தார்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை. இவ்வளவு காலமாக எழுதிக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்குச் சொந்தமாக அரைப் பக்கம் வரவில்லை என்பதை அவர்களே அன்றைக்குத்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

எழுதியவர்களில் ஒருவன் குளியலறையின் மூன்றாவது குழாயைப் பற்றி எழுதியிருந்தான். அதில்தான் தண்ணீர் வேகமாக வரும். அதனால் அது பெரிய வகுப்புப் பையன்களுக்கு என்று ஆகிவிட்டிருந்தது. சின்னப் பையன்கள் அவர்களுக்கு வாளி நிரப்பிக் கொடுத்த பிறகுதான் தங்கள் வாளியை வைக்கலாம். அதற்குள் மணி அடித்துவிடும். குளிக்காமலே சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். தலை சீவாமல் வந்ததற்காக வரிசையில் அடி வாங்குவார்கள். என் பதிவேட்டில் 'காலைக் குளியல்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு டிக் இருக்கும். அடி கொடுத்த ஆசிரியருக்குக் குழாய் தெரியாது. எனக்கு அடி தெரியாது. இரண்டும் தெரிந்தவன் அந்தப் பையன் ஒருவன்தான். அவனிடம் யாரும் கேட்டதில்லை. அவனும் சொல்லலாம் என்று நினைத்ததில்லை.

அந்தப் பையனிடம் கேட்டுக்கொண்டு, பெயரை மறைத்து, அந்தப் பக்கத்தை ஆசிரியர் என்னிடம் காட்டினார். வகுப்புவாரியாகக் குளிக்கும் நேரம் பிரித்தோம். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. ஆண்டு முடிவில் அவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. குழாய் விஷயம் காரணமில்லை. அது நிர்வாகத்துக்குத் தெரியவே தெரியாது. வகுப்பில் சத்தம் அதிகம் என்பதுதான் காரணம்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் செய்த சோதனை எனக்கு நினைவுக்கு வரும். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். அந்த மூன்றில் முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது என்று அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். பார்த்தாலே தெரிகிற விஷயம். தனியாக உட்கார்ந்து சொல்லும்போது நூற்றில் ஒரு தடவைகூடத் தவறு வரவில்லை. ஆனால் அந்த அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். 18 சுற்றில் 12 சுற்று, எல்லோரும் ஒரே மாதிரி தவறான கோட்டைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். விவரம் தெரியாத அந்த ஒரு மாணவன் என்ன செய்கிறான் என்பதுதான் சோதனை. அப்படி மாட்டிக்கொண்ட மாணவர்கள் சொன்ன விடைகளில் 36.8 சதவீதம் கூட்டத்தோடு ஒத்துப்போன தவறான விடைகள். எதிரே பெரிய கூட்டம்கூட வேண்டாம். மூன்று பேர் ஒரே குரலில் சொன்னாலே இந்த அழுத்தம் கிட்டத்தட்ட முழுசாக வந்துவிடுகிறது.

இதுவரைக்கும் பலருக்கும் தெரிந்த கதை. அடுத்து அவர் செய்த மாற்றங்கள்தான் உங்களுக்கும் எனக்கும் வேண்டியவை.

கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு ஆளை மட்டும் உண்மையான விடையைச் சொல்ல வைத்தார். மாணவர்களின் தவறு கால்வாசியாகக் குறைந்தது. அந்த ஒருவர் பிரசங்கம் செய்யவில்லை. மாணவனைத் தூண்டவும் இல்லை. தன் கண்ணுக்குப் பட்டதைத் தன் முறை வந்தபோது சொன்னார். அது போதுமானதாக இருந்தது. இன்னொரு மாற்றத்தில், கூட்டம் சொன்னதைவிட மோசமான தவறைச் சொல்லும் ஒருவரை உட்கார வைத்தார். விடை என்ற வகையில் அவரால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் மாணவர்களின் தவறு 9 சதவீதத்துக்கு இறங்கியது. இந்த அறையில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை போலிருக்கிறது என்று தெரிந்ததே அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

"அவர் சொல்வதெல்லாம் சரியா என்ன?" என்று நிர்வாகக் கூட்டங்களில் கேட்பீர்கள். சரியாக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை, ஐயா. எங்கள் மொழி ஆசிரியர் சொன்ன பலவற்றோடு எனக்கே உடன்பாடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை மணியே வேண்டாம் என்பார். ஒரு வாரம் அதைச் செய்து பார்த்திருந்தால் அவரே கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். ஆனால் அவர் மாற்றிச் சொன்னதால்தான் ஒரு பையனுக்குக் குழாயைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

வீட்டிலிருந்து வந்து போகும் பிள்ளைக்கு இந்த மாற்றுக்குரல் எங்காவது தானாகவே கிடைத்துவிடும். பள்ளியில் ஒன்று சொல்வார்கள், வீட்டுக்குப் போனால் பாட்டி அதற்கு நேர்மாறாகச் சொல்வாள், தெருவில் கூட விளையாடுகிறவன் இரண்டையும் கேலி செய்வான். விடுதிப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பே இல்லை. வகுப்பில் பார்க்கிற அதே முகங்கள்தான் சாப்பாட்டு மேசையிலும் படிப்பு நேரத்திலும் பக்கத்துக் கட்டிலிலும். காலையில் தவறான கோட்டைச் சொன்ன அதே கூட்டம்தான் இரவிலும் கூட இருக்கிறது. அங்கே மாறிச் சொல்லக்கூடிய ஒரே பெரியவரை நீங்கள் அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு வேறு ஆள் கிடையாது.

சரி, இப்போது நான் முதலில் சொன்ன பெரிய தவறுக்கு வருகிறேன். ஆஷ் இன்னும் இரண்டு விதமாகச் செய்து பார்த்தார். ஒன்றில், உண்மையைச் சொல்லிவந்த அந்தத் துணை ஆள் பாதிச் சோதனையில் கட்சி மாறி, கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொல்ல ஆரம்பித்தார். உடனே மாணவர்களின் தவறுகள் எகிறின. ஆரம்பத்திலிருந்தே துணையில்லாமல் இருந்தவர்கள் அளவுக்கு ஏறிவிட்டன. அதுவரை அவரோடு சேர்ந்து சரியாகச் சொல்லிப் பழகியதெல்லாம் ஒரு நொடியில் வீணாயிற்று. இன்னொன்றில், அந்த ஆள் கட்சி மாறவில்லை. முக்கியமான ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அறையைவிட்டுப் போய்விட்டார். அப்போதும் தவறுகள் கூடின. ஆனால் அவ்வளவு கூடவில்லை. ஆள் போன பிறகும் அவர் இருந்ததன் பலன் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

இதைப் படித்துவிட்டு, உங்கள் அறையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். "நாங்கள் யாரையும் அவசரப்பட்டு நீக்குவதில்லை" என்று பெருமையாகச் சொல்வீர்கள். அந்த ஆசிரியரை அழைத்து, காபி கொடுத்து, குடும்பம் குட்டி பற்றி விசாரித்து, மெமோவை மேசையில் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் பேசுவீர்கள். அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். மறுநாள் அவர் அதே வகுப்புக்கு வந்து, கைடைத் திறக்கச் சொல்லி, அந்த முதல் வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிடச் சொல்கிறார். சில பள்ளிகளில் இதற்கும் மேலே போய், காலைக் கூட்டத்தில் மைக் முன்னால் நிற்க வைத்து, "விதிகள் நம் நன்மைக்கே" என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். வரிசையில் நிற்கிற பிள்ளைகள் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறார்கள் தெரியுமா? கடைசியில் எல்லோரும் அந்தக் கோட்டைத்தான் சொல்வார்கள், நம்ம சார்கூட. அவரை நீக்கியிருந்தால்கூட, போன மனிதர் தான் சொன்னதை மாற்றிக்கொள்ளாமல் போனார் என்பதாவது அவர்களுக்கு மிஞ்சியிருக்கும்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. இவரை விட்டால் ஒழுங்கு போய்விடும் என்ற பயம். கண்டிப்பு வேறு, எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பது வேறு என்பதுதான் நான் வார்டனாகக் கண்டது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் இந்தப் பயம். ஜெர்மனியில் 1920-ல் சாலெம் என்ற இடத்தில் ஒரு கோட்டைக்குள் உறைவிடப் பள்ளி தொடங்கிய குர்ட் ஹான் என்ற தலைமையாசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டிப்பில் உங்களில் பலர் அவரிடம் பாடம் படிக்கலாம். காலை ஓட்டம், பச்சைத் தண்ணீர்க் குளியல், எல்லாம் உண்டு. ஆனால் அன்றாடக் கடமைகளைச் செய்தாயிற்றா இல்லையா என்ற பதிவை மாணவனே எழுத வேண்டும். யாரும் சரிபார்க்க வருவதில்லை. 1932-ல் நாஜி ஆட்கள் சிலர் ஒரு தொழிலாளியை அவர் தாயின் கண்ணெதிரே அடித்துக் கொன்றார்கள். கொலைகாரர்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது, ஹிட்லர் அவர்களுக்கு வெளிப்படையாக ஆதரவுத் தந்தி அனுப்பினார். ஹான் தன் பழைய மாணவர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதினார்: ஒன்று ஹிட்லரோடு இருங்கள், இல்லையென்றால் சாலெமோடு இருங்கள், இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது. அடுத்த ஆண்டு அவரைக் கைது செய்தார்கள். விடுதலையாகி பிரிட்டன் போய், 1934-ல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். கண்டிப்பானவர்தான். நாடே ஒரு கோட்டைக் காட்டி இதுதான் நீளம் என்றபோது, இல்லை என்று சொன்னவரும் அவரே. உங்கள் விடுதியின் மணி, வரிசை, விளக்கணைக்கும் நேரம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவற்றைக் கேள்வி கேட்டால் பிள்ளை கெட்டுவிடுவான் என்ற நினைப்பைத்தான் விடச் சொல்கிறேன்.

பெற்றோர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது அடுத்த வாதம். கட்டணம் கட்டுகிறவர்கள் முடிவு கேட்பார்கள்தான். ஆனால் பெற்றோரின் கூச்சலுக்குப் பயந்து ஓர் ஆசிரியரை அனுப்புவதற்கு முன்னால் கல்கத்தா இந்துக் கல்லூரியின் நிர்வாகிகளை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். ஹென்றி டெரோசியோ என்ற இளைஞர், இருபது வயதுகூட ஆகாத நிலையில், அங்கே இலக்கியமும் வரலாறும் சொல்லிக்கொடுக்க வந்தார். மாணவர்கள் எதையும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். ஊரில் பெரிய கொந்தளிப்பு. பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தத் தொடங்கினார்கள். 1831 ஏப்ரலில் நிர்வாகக் குழு கூடியது. இவர் ஆசிரியராக இருக்கத் தகாதவர் என்று அந்தக் குழுவில் பெரும்பான்மையால் தீர்மானிக்க முடியவில்லை. ஆனாலும் மக்களின் மனநிலையைக் கருதி நீக்குவதே உசிதம் என்று முடிவெடுத்தார்கள். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கடவுள் உண்டென்று நம்புகிறாயா, பெற்றோருக்குக் கீழ்ப்படிவது கடமையில்லை என்கிறாயா என்றெல்லாம் குழுவில் ஒருவர் கடிதத்தில் கேட்டார். கடவுள் இல்லை என்பவர்களின் வாதத்தை வகுப்பில் சொன்னேன், அதை மறுத்தவர்களின் வாதத்தையும் சொன்னேன், இரண்டையும் வைத்து அவர்களே யோசிக்கட்டும் என்பதுதான் டெரோசியோவின் பதில். விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்களே என்று குறைப்பட்டும் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் காலராவில் இறந்துபோனார். வயது 22.

அவரைச் சுற்றி இருந்த மாணவர்களில் ஒருவர் ராதாநாத் சிக்தர். பின்னாளில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர். டெரோசியோதான் அவரை உருவாக்கினார் என்று நான் அளக்க மாட்டேன். மலையை அளந்தது சிக்தரின் கணக்கு. ஆனால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று ஊர் பயந்ததே, அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால், பத்திரிகையாளர்கள், எழுத்தாளர்கள், ஆசிரியர்கள் என்று ஒரு வரிசை நிற்கிறது.

மதிப்பெண் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. கைடை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரும் என்பது உண்மை, யார் மறுத்தார்கள்? ஆனால் நீங்கள் பெரிதாக நம்புகிற மௌனப் படிப்பு நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தினமும் மாலையில் மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் பிள்ளைகளை உட்கார வைப்பது என் வேலையாக இருந்தது. நன்னூலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். இன்னொரு கால் பங்கு கூடப் படிக்கிறவர்களோடு பழகிப் பேசுவதில் வருகிறது. மிச்சமுள்ள அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. பவணந்தியார் கணக்கின்படி பார்த்தால், மௌனப் படிப்பு நேரத்தில் முக்கால் பங்கை நாம் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, கால் பங்கை மட்டும் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கிறோம். வகுப்பில் சத்தம் என்று நீங்கள் எழுதிய புகாரில் அந்த முக்கால் பங்கின் சத்தமும் கலந்திருக்கிறது.

அந்தக் கேள்விக்குறி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இதை அவர்களும் படிப்பார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைப் பேச வைத்துவிட்டு மாலையில் நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். பேசியவன் எங்களோடு விடுதியில் இருப்பான். அவன் பேசியதற்கு மற்றப் பையன்கள் இரவில் என்ன செய்வார்கள், விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அப்பா என்ன சொல்வார் என்பதையும் சேர்த்து யோசித்துவிட்டு அவனைத் தூண்டுங்கள். "உன் மனசு சொல்வதைச் செய்" என்று ஒரு பதினைந்து வயதுப் பையனிடம் சொல்வது சுலபம். அவன் போய் அப்பாவிடம் எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம் என்று சொல்லும்போது அவன் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். நிற்க முடியாது என்றால், அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். இன்னொன்று, உங்களைப் போலவே பேசி, உங்களைப் போலவே முடி வளர்த்து, நீங்கள் வெறுப்பதையெல்லாம் வெறுக்கிற ஏழெட்டுப் பையன்கள் உங்களைச் சுற்றிச் சேர்ந்துவிட்டால் மகிழாதீர்கள். அது பழைய கைடுக்குப் பதிலாக ஒரு புதுக் கைடு. எங்கள் ஆசிரியரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். அவர் சொன்னது தப்பு என்று ஒருவன் எழுதினால், அந்த நோட்டைத்தான் மேலே வைப்பார்.

நிர்வாகிகளே, உங்களிடம் நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. செலவும் அதிகம் கிடையாது.

கேள்விக்குறி போட்ட பெயருக்கு எதிரே காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள், கையெழுத்தோடு. 'ஒத்துப்போகவில்லை' என்பது காரணம் ஆகாது. எதோடு, யாரோடு என்று எழுத வேண்டும். எழுத ஆரம்பித்தாலே பாதிப் பெயர்கள் பட்டியலிலிருந்து போய்விடும் என்று என் அனுபவம் சொல்கிறது. அந்த வரியை அவரிடமே காட்டி அவர் பதிலை வாங்குங்கள். அவருடைய மாணவர்களிடமும் கேளுங்கள். அவரைக் கொண்டாடுகிறவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாமல், அவர் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளிடமும் கேளுங்கள். அவர்களுக்கு அவர் ஏதாவது செய்தாரா என்பதுதான் அவருக்கான உண்மையான தேர்வு.

மாலைப் படிப்பில் ஒரு மணி நேரத்தைப் பேசிப் படிக்கும் நேரமாக விடுங்கள். முதல் இரண்டு வாரம் வெறும் அரட்டையாகத்தான் இருக்கும். உங்கள் வார்டன் வந்து புலம்புவார். பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்றாவது வாரத்தில் யாராவது ஒரு பையன் இன்னொருவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருப்பான்.

புகார்ப் பெட்டி வைத்திருக்கிறீர்கள், தெரியும். அதன் சாவி வார்டனிடம் இருக்கக் கூடாது. வார்டனாக இருந்தவன் சொல்கிறேன். முதல்வரிடமும் வேண்டாம். வார்சாவில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யானுஷ் கோர்ச்சாக் பெட்டியோடு நிற்கவில்லை, பிள்ளைகளே நடத்தும் நீதிமன்றமே வைத்திருந்தார். அந்த வாரம் தன்மேல் வழக்கு இல்லாத பிள்ளைகளில் குலுக்கல் போட்டு நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரியவர்கள்மேலும் வழக்குப் போடலாம். ஒரு பையனின் காதோரம் அறைந்துவிட்டதற்காகக் கோர்ச்சாக் தன்னையே அங்கே நிறுத்திக்கொண்டார். சட்டத் தொகுப்பின் முதல் 99 பிரிவுகளும் மன்னிக்கவோ விட்டுவிடவோ சொல்பவை. அந்த இல்லத்தில் ஒழுங்கு இல்லாமல் போகவில்லை. உங்களால் அவ்வளவு தூரம் போக முடியாது என்றால் பரவாயில்லை. பெட்டியைத் திறக்கும்போது பிள்ளைகள் தேர்ந்தெடுத்த இருவர் கூட நிற்கட்டும்.

கடைசியாக ஒன்று. எல்லாம் கேட்டுவிட்டு, அவரை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று முடிவெடுத்தால் அனுப்புங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் பிள்ளைகளிடம் 'சொந்தக் காரணங்களுக்காக விலகினார்' என்று பொய் சொல்லாதீர்கள். கடைசி வகுப்பு ஒன்றை அவருக்குக் கொடுங்கள். அந்த வகுப்பில் அவர் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கதவோரம் யாரையும் நிறுத்தி வைக்காதீர்கள். பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வகுப்புக்கு ஒரு தேதி குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு விடுதி வார்டன்